எமர்ஜென்சியில் ஏன் இவ்வளவு நேரம்?

அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருந்தது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்தப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியர்களும் இங்கே பதில் சொல்கிறார்கள். கேள்விகளில் இருந்த மருத்துவமனைப் பெயர்களை நீக்கிவிட்டோம்.

அப்பாவுக்குக் கடுமையான வயிற்றுவலி. இரவு 9 மணிக்கு அழைத்துப் போனோம். எங்களுக்குப் பிறகு, தானே நடந்து வந்த ஒரு பெண்ணை உடனே உள்ளே கூட்டிப் போனார்கள். அப்பாவைக் கூப்பிட்டபோது மணி பதினொன்றரை. ஆள் தெரிந்தால்தான் சீக்கிரம் பார்ப்பார்களா? — விழுப்புரம் வாசகர்

சிபாரிசு எங்குமே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் நீங்கள் பார்த்தது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. எமர்ஜென்சியில் வரிசை வந்த நேரத்தை வைத்து நகராது, ஆபத்தை வைத்து நகரும். இதற்கு ட்ரயாஜ் என்று பெயர். நுழைந்ததும் ஒரு செவிலியர் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, காய்ச்சல், நினைவு ஆகியவற்றைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார். தமிழக அரசு மருத்துவமனைகளில் 'தாய்' வார்டு என்று எழுதியிருக்கும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவில் இந்த மூன்று நிறப் பகுதிகளையும் பார்க்கலாம்.

மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே, ஆக்சிஜன் 90-க்குக் கீழே, மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல், வலிப்பு நிற்காதது, கூப்பிட்டால் பதில் இல்லாதது: இவையெல்லாம் சிவப்பு. எண்கள் மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். நடந்து வந்தவர் என்பதால் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து இல்லை என்று ஆகாது. கருக்குழாயில் கரு தங்கி உள்ளே ரத்தம் கசிபவரும், மாரடைப்பு தொடங்கியவரும் பல நேரம் தங்கள் காலாலேயே நடந்து வருகிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. அந்த இரண்டரை மணி நேரத்தில் அப்பாவை யாராவது மறுபடி பார்த்தார்களா? ட்ரயாஜ் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடும் முத்திரை அல்ல. மஞ்சளில் உட்கார்ந்திருப்பவர் சிவப்புக்குப் போகலாம். கூட்டமான இரவில் அதிகம் தவறுவது இந்த மறுபரிசோதனைதான், அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. "எப்போது கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டால் "வெய்ட் பண்ணுங்க" என்ற பதில்தான் வரும். "வந்தபோது வலி தொப்புள் பக்கம் இருந்தது, இப்போது வலது அடிவயிற்றுக்கு வந்திருக்கிறது, இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டார், பி.பி. மறுபடி பாருங்கள்" என்று சொன்னால் செவிலியர் எழுந்து வருவார். மாற்றத்தைச் சொல்ல வேண்டும், அதுவும் என்ன மாறியது என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வயிற்றுவலிக்கு ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்று வலியோடு உட்கார வைப்பது பழைய பழக்கம். வலி மருந்து கொடுத்தாலும் நோயைக் கண்டுபிடிப்பது தடைப்படாது என்பது தெளிவாகிப் பல காலம் ஆகிறது. டாக்டர் வரத் தாமதமானால் வலிக்கு ஏதாவது கொடுக்க முடியுமா என்று தாராளமாகக் கேளுங்கள்.

உள்ளே போன பிறகும் "ரிப்போர்ட் வரவில்லை" என்று இரண்டு மணி நேரம். ரத்தத்தைப் பார்க்க அவ்வளவு நேரமா? — தஞ்சாவூர் வாசகி

ஆகும். பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) போன்றவற்றுக்கு எடுக்கும் ரத்தம் முதலில் குழாயில் உறைய வேண்டும். அதற்கே ஏறக்குறைய 30 நிமிடம். பிறகு சுழற்றும் இயந்திரத்தில் 10 நிமிடம், அதன்பிறகு பரிசோதிக்கும் இயந்திரம். ரத்தம் ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மெல்லிய ஊசி வழியாக ரத்தத்தை இழுத்தாலோ, சிரிஞ்சிலிருந்து குழாய்க்குள் வேகமாக அழுத்தினாலோ சிவப்பணுக்கள் உடைந்துவிடும். பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். "மறுபடி ரத்தம் வேண்டும்" என்று அவர்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்போது கடிகாரம் முதலிலிருந்து ஓடும்.

ஸ்கேனுக்கும் இப்படித்தான். மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. என்றால், அவசரமில்லாத நிலையில் கிரியாட்டினின் வந்த பிறகே அனுப்புவார்கள். பெண்களுக்கு எக்ஸ்ரே, சி.டி.க்கு முன்னால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். அடிவயிற்று அல்ட்ராசவுண்டுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். அதனால் பாத்ரூம் போவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால், மறுபடி நிரம்பக் காத்திருக்கும் ஒரு மணி நேரம் மிச்சம்.

எல்லா ரிப்போர்ட்டும் வந்து அட்மிஷன் என்று முடிவான பிறகு ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பது வேறு கதை. அது எமர்ஜென்சியின் தாமதம் அல்ல, மேலே வார்டில் பெட் காலியாகாத தாமதம். வார்டில் டிஸ்சார்ஜ் ஆனவர் பில், மருந்து, வண்டி என்று மாலை வரை பெட்டில் இருக்கிறார். கீழே அட்மிஷன் ஆனவர் எமர்ஜென்சி ஸ்ட்ரெச்சரை அடைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் வாசலில் வந்தவருக்கு ஸ்ட்ரெச்சர் இல்லை. சளிக்கும் இருமலுக்கும் வருபவர்களால்தான் கூட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களைப் பார்த்து அனுப்பப் பத்து நிமிடம் போதும். அடைப்பு மேலேதான் இருக்கிறது.

அப்படிக் கிடக்கும்போது கவனிக்க வேண்டியது மருந்து. அடுத்த டோஸ் ஆன்டிபயாட்டிக்கை எமர்ஜென்சி செவிலியர் வார்டில் போடுவார்கள் என்று நினைப்பார், வார்டில் கீழேயே போட்டிருப்பார்கள் என்று நினைப்பார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இது இன்னும் கூடும். "அடுத்த ஊசி எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.

ட்ரயாஜ் மேசையில் என்ன சொல்ல வேண்டும்? பதற்றத்தில் எதைச் சொல்வது என்றே தெரிவதில்லை. — திண்டுக்கல் வாசகர்

நான்கு விஷயம்: என்ன தொந்தரவு, எத்தனை மணிக்குத் தொடங்கியது, ஏற்கெனவே என்ன நோய்கள், என்ன மாத்திரைகள். "காலையிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறார்" என்பதைவிட "ஏழு மணிக்குக் காபி குடிக்கும்போது நன்றாக இருந்தார், ஏழரைக்கு வேர்த்துக் கொட்டியது" என்பது பல மடங்கு உதவும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இன்சுலின், டயாலிசிஸ், கர்ப்பம், மருந்து ஒவ்வாமை ஆகிய ஐந்தையும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். மாத்திரைப் பெயர் வாயில் வராது, அட்டையையே எடுத்து வாருங்கள். பழைய ஈ.சி.ஜி. இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். புதியதில் தெரியும் மாறுதல் இன்றைக்கு வந்ததா, பழையதா என்பதைச் சொல்ல அது ஒன்றுதான் வழி.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, கை சில்லிட்டிருந்தாலும் நகச்சாயம் இருந்தாலும் தவறாகக் காட்டும். நகச்சாயத்தை வழியிலேயே துடைத்துவிடலாம்.

நெஞ்சுவலி என்று போனேன். ஈ.சி.ஜி. நார்மல், ரத்தமும் நார்மல் என்றார்கள். ஆனாலும் வீட்டுக்கு விடவில்லை, ஆறு மணி நேரம் கழித்து அதே ரத்தத்தை மறுபடி எடுத்தார்கள். பில்லை ஏற்றவா? — கோவை வாசகர்

இல்லை. சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். முதல் ஈ.சி.ஜி. நார்மல் என்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து அதை ஒரு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். டோக்கன், பில், அட்வான்ஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் கறாராக இருக்கலாம். வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுப்பார்கள்.

ரத்தத்தில் பார்ப்பது ட்ரோபோனின். இதயத் தசை சேதமானால் வெளியே கசியும் புரதம் இது. சேதம் தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் ஆன பிறகுதான் சாதாரணப் பரிசோதனையில் தெரியும். வலி வந்து ஒரு மணி நேரத்தில் எடுத்தால் மாரடைப்பிலும் நார்மல் என்றே வரலாம். அதனால் சாதாரண முறையில் ஆறு மணி நேரம் கழித்தும், நுண்ணிய முறை உள்ள இடங்களில் ஒன்று முதல் மூன்று மணி நேரத்திலும் இரண்டாவது முறை எடுப்பார்கள். இரண்டு எண்ணுக்கும் இடையிலான ஏற்றம்தான் நோயைச் சொல்லும். முதல் ரிப்போர்ட்டைப் பார்த்து "வாயுதான்" என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்புபவர்களை நினைத்தால்தான் எங்களுக்குப் பயம்.

பெரிய மருத்துவமனை தூரத்தில் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கே முதல் டோஸ் மாத்திரைகள் இருக்கின்றன: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, க்ளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அடார்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு. மொத்தம் 14 மாத்திரைகளைக் கொடுத்து 108-ல் ஏற்றிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாக்கடியில் வைக்கத் தரும் சார்பிட்ரேட்டை மட்டும் நீங்களாக வைக்காதீர்கள். ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தால், அல்லது ஆண்மைக்குறைவு மாத்திரை சாப்பிட்டிருந்தால், ஆளே சாய்ந்துவிடலாம்.

அம்மாவுக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. முதலில் தெருமுனை நர்சிங் ஹோமுக்குப் போனோம், அங்கிருந்து இன்னொரு இடம். கடைசியில் பெரிய மருத்துவமனையில் "நேரம் தாண்டிவிட்டது" என்றார்கள். என்ன நேரம்? — நாகர்கோவில் வாசகி

நாலரை மணி நேரம். ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அதற்குள்தான் போட முடியும். அந்தக் கணக்கு, நீங்கள் அம்மாவை அப்படிப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்காது, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். இரவு பத்து மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை ஆறு மணிக்கு எழும்போது கை விழுந்திருந்தால், கணக்குப் பத்து மணிதான். இடையில் பாத்ரூம் போனது, தண்ணீர் கேட்டது ஏதாவது இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போவதால் லாபம் இல்லை. கட்டியா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் சொல்லாமல் ஊசி போட முடியாது, கசிவில் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதே காரணத்தால் ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் கூடாது. விழுங்கும் சக்தியும் போயிருக்கலாம் என்பதால் தண்ணீர்கூட வாயில் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்கும்போதே "பக்கவாதம், இத்தனை மணிக்குத் தொடங்கியது" என்று சொல்லி, இரவிலும் சி.டி. எடுக்கும் இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். உள்ளே போனதும் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். சர்க்கரை குறைந்தாலும் இதே மாதிரி கை விழும் என்பதால் அது வீண் வேலை அல்ல. ரத்த அழுத்தம் 185/110-க்கு மேல் இருந்தால் அதை இறக்கிய பிறகே ஊசி. பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால், பொருத்தமான சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட குழாய் வழியாகக் கட்டியை எடுக்கலாம். ஆகவே தாமதமாகிவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம்.

காத்திருக்கும்போது காபி, டீ கொடுக்கலாமா?

கேட்காமல் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கத் திட உணவுக்குப் பிறகு 6 மணி நேரமும், வெறும் தண்ணீருக்குப் பிறகு 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும். பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுப் பட்டினியாகக் காத்திருப்பவர் அதைச் செவிலியரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பாம்பு கடித்து வந்த என் தம்பிக்கு உடனே விஷமுறிவு ஊசி போடாமல், கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். 20 நிமிடம் வீணாகவில்லையா? — தர்மபுரி வாசகர்

அந்த 20 நிமிடம்தான் பரிசோதனையே. இரண்டு மூன்று மில்லி ரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் வைப்பார்கள். 20 நிமிடம் கழித்து ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறைந்திருந்தால் சாய்த்தாலும் அப்படியே நிற்கும். தண்ணீராக வழிந்தால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்து உடனே வேண்டும். நடுவில் யாராவது எடுத்து ஆட்டிப் பார்த்தால் முடிவு கெட்டுப்போகும். பிளாஸ்டிக் குழாயோ, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ ஆனாலும் அப்படித்தான்.

கடித்த எல்லாருக்கும் மருந்து போடாததற்குக் காரணம் உண்டு. விஷமில்லாத பாம்பு கடிப்பதும், விஷப்பாம்பே விஷம் ஏற்றாமல் கடிப்பதும் சகஜம். மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருவது, கடுமையான ஒவ்வாமை வரலாம். தேவை என்று தெரிந்தால் 8 முதல் 10 குப்பி வரை டிரிப்ஸில் ஏறும். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. முதல் பரிசோதனையில் ரத்தம் உறைந்தாலும் மறுபடி மறுபடி செய்துவிட்டு, 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள்.

பெயரில் விரியன் என்று இருந்தாலும், இந்தப் பரிசோதனையில் மாட்டாதது கட்டுவிரியன். அதன் விஷம் நரம்பைத் தாக்குவது, ரத்தம் ஒழுங்காகவே உறையும். தரையில் படுத்துத் தூங்கியவர் விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்தால், கடித்த தடமே இல்லாவிட்டாலும் அதைச் சந்தேகிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கண் இமையைக் கவனியுங்கள். இமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ அந்த நொடியே கத்திக் கூப்பிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். பாம்பை அடித்து எடுத்து வர வேண்டியதில்லை. கயிறு கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காமல் டாக்டர் முன்னால் அவிழ்க்கட்டும்.

விபத்தில் அடிபட்டவரைக் கூட்டிப் போனால் "முதலில் போலீஸ், பிறகு பணம்" என்கிறார்களே? — செங்கல்பட்டு வாசகர்

அப்படிச் சொல்லக் கூடாது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, போலீஸ் நடைமுறைக்குக் காத்திருக்காமல் உயிர்காக்கும் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். வெளிமாநிலத்தவரா, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. கூட்டி வந்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

சிகிச்சை நடக்கும்போதே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். என்ட்ரி என்பது அதுதான். எந்த இடம், எத்தனை மணி, எந்த வாகனம் எப்படி மோதியது, யார் கூட்டி வந்தார், உடலில் அடையாள மச்சங்கள், மது வாடை உண்டா என்பதெல்லாம் அதில் வரும். பதற்றத்தில் யாரோ "பைக்கிலிருந்து விழுந்துட்டாரு" என்று சொல்ல, அதுவே எழுதப்பட்டு, பின்னால் லாரி மோதியதற்கான இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார். நேரில் பார்த்தவர் யாரோ அவரே சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

நடு இரவில் குழந்தைக்குக் காய்ச்சல். எமர்ஜென்சிக்கு ஓட வேண்டுமா, காலை ஓ.பி. போதுமா? — மதுரை வாசகி

மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி தாண்டினால் உடனே கிளம்ப வேண்டும். மற்றக் குழந்தைகளுக்கு உடம்புச் சூட்டைவிட மூச்சும் சுறுசுறுப்பும் முக்கியம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40: அந்த எண்ணைத் தொட்டாலே வேக மூச்சு. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவள்வது, வலிப்பு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது எதுவானாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்தான நாள். சூடு இறங்கிவிட்டது, ஆனால் வயிறு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை, ஈறில் ரத்தம் என்றால் அது குணமல்ல.

கிளம்பும் முன் பாராசிட்டமால் கொடுக்கலாம், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மில்லி, 250 உள்ளது என்றால் 3 மில்லி. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும், அதனால் ஒன்றரை மில்லிதான். சொட்டு மருந்தை சிரப் அளவில் ஊற்றிவிட்டு வருபவர்கள் உண்டு. பாட்டிலையும் எடுத்து வாருங்கள்.

கேஷ்லெஸ் ஒப்புதல் வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்கலாமா?

அவசர சிகிச்சையை நிறுத்தக் கூடாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் விதித்தபடி, கேஷ்லெஸ் கோரிக்கைக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும். பல பாலிசிகளில் 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் பணம் கிடைக்கும். எமர்ஜென்சியில் கண்காணிப்பில் வைப்பது அட்மிஷன் ஆகாது, முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொறுமை இழந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டோம். இனி அங்கே போனால் பார்ப்பார்களா? — சேலம் வாசகர்

பார்க்க வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு மாறாகப் போகிறேன் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தது அன்றைய முடிவுக்கு மட்டும்தான், கதவு அடைபடவில்லை. தொந்தரவு கூடினால் அன்றைக்கே திரும்பிப் போங்கள்.

கிளம்பும் முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: இதுவரை கொடுத்த மருந்துகளும் நேரமும் எழுதிய சீட்டு, ஈ.சி.ஜி.யின் நகல் அல்லது போட்டோ, இன்னும் வராத ரிப்போர்ட்டை எந்த எண்ணில் கேட்பது என்ற விவரம். ஈ.சி.ஜி. அச்சாகும் தாள் வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும், அதனால் போட்டோ நல்லது. கோபத்தில் கிளம்புபவர்கள் அடிக்கடி மறப்பது கையில் இருக்கும் டிரிப்ஸ் ஊசி. அதோடு வீட்டுக்குப் போனால் கிருமி ஏறும். செவிலியரை எடுக்கச் சொல்லி, பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் பத்து நிமிடம்.